போர் ஓய்ந்த பின் போஸ்னியா: காலிழந்த வீரர்களும் அவர்களின் குடும்பங்களும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நம் ஜும்ஆ மேடைகளில் போஸ்னியா என்ற பெயர் அடிக்கடி ஒலித்தது. அங்குள்ள மக்களுக்காகக் கையேந்தி துஆ கேட்டோம். பத்திரிகைகளில் வந்த படங்களைப் பார்த்துக் கலங்கினோம். 1995 டிசம்பரில் டேட்டன் ஒப்பந்தம் பாரிஸில் கையெழுத்தாகிப் போர் நின்றது. அத்தோடு அந்த நாடு நம் நினைவிலிருந்தும் மெல்ல நழுவிவிட்டது. அந்தப் போரில் இருபது வயதில் காலை இழந்த ஒருவர் இன்று ஐம்பதைத் தாண்டியிருப்பார். இடைப்பட்ட இந்த முப்பது ஆண்டுகளை அவரும் அவர் வீட்டாரும் எப்படிக் கடந்தார்கள் என்று நாம் விசாரித்ததே இல்லை.

1992 ஏப்ரலில் தொடங்கிய அந்தப் போரில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் உயிரிழந்தனர். தலைநகர் சரயேவோ 1,425 நாட்கள் முற்றுகையில் கிடந்தது. போஸ்னிய அரசுத் தரப்பில் ஆயுதம் ஏந்தியவர்களில் பெரும்பாலோர் பயிற்சி பெற்ற இராணுவத்தினர் அல்லர். முந்தைய மாதம் வரை கல்லூரிக்குப் போனவர்கள், வண்டி ஓட்டியவர்கள், ஆலையில் வேலை பார்த்தவர்கள். அவர்களில் முஸ்லிம்களே அதிகம் என்றாலும் செர்பியரும் குரோஷியரும் அவர்களோடு இருந்தனர். எதிர்த்தரப்புகளிலும் எத்தனையோ இளைஞர்கள் உறுப்பிழந்து வீடு திரும்பினர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கால்களை அதிகம் பறித்தவற்றுள் ஒன்று கண்ணிவெடி. மண்ணுக்குள் புதைக்கும் சிறு கண்ணிவெடியின் நோக்கம் ஆளைக் கொல்வதல்ல, ஊனமாக்குவதுதான். ஒருவர் விழுந்தால் அவரைத் தூக்கிச் செல்ல இன்னும் இரண்டு பேர் களத்தை விட்டு விலகுவார்கள் என்பது கணக்கு. வெடிக்கும்போது மண், செருப்புத் துண்டு, துணி எல்லாம் சதைக்குள் மேல்நோக்கி ஏறிவிடும். சீழ் பிடிக்காமல் காக்க, போனது பாதம் மட்டுமே என்றாலும் மருத்துவர் முழங்காலுக்குக் கீழோ சில சமயம் அதற்கு மேலோ வெட்ட வேண்டியிருக்கும். முற்றுகைக்குள் இருந்த சரயேவோ மருத்துவமனைகள் மின்சாரமும் தண்ணீரும் தட்டுப்பட்ட நிலையில், குண்டு வீச்சுக்கு இடையே இந்தச் சிகிச்சைகளைச் செய்தன.

செயற்கைக் கால் பொருத்திவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வெட்டிய இடம் முதல் சில மாதங்களில் சுருங்கிக்கொண்டே வரும். அளவெடுத்துச் செய்த குழி தொளதொளத்துப் போகும். பிறகும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய கால் வேண்டும். தோல் உரசிப் புண்ணானால் ஆறும்வரை அதை மாட்டவே முடியாது. இல்லாத பாதத்தில் எரிச்சலும் குத்தலும் வருவது கால் இழந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு உண்டு. பக்கத்தில் படுத்திருப்பவருக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பாருங்கள். சரயேவோ பள்ளத்தாக்கில் அமைந்த ஊர். பழைய மஹல்லாக்களின் வீடுகள் செங்குத்தான சரிவுகளில் அடுக்கடுக்காக நிற்கும். பனிக்காலத்தில் அந்தத் தெருக்களில் இரண்டு கால் உள்ளவர்களே வழுக்கி விழுவார்கள். அங்கே செயற்கைக் காலோடு பள்ளிவாசலுக்கும் கடைக்கும் இறங்கி ஏறுவது அன்றாடப் போராட்டம்.

இனி வீட்டுக்குள் பார்ப்போம். போருக்குப் பிந்தைய போஸ்னியா, போஸ்னிய-குரோஷியக் கூட்டமைப்பு என்றும் செர்ப் குடியரசு என்றும் இரு நிர்வாகப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. போர் வீரர்களுக்கான சட்டமும் இரண்டு பகுதியிலும் வெவ்வேறு. கூட்டமைப்பில் மருத்துவக் குழு ஒருவரின் ஊனத்தை 20 முதல் 100 சதவீதம் வரை அளந்து வகைப்படுத்தும்; மாத உதவித்தொகை அதைப் பொறுத்தது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு, பிறர் உதவியும் பராமரிப்பும் தேவைப்படுவதற்கென்று தனியாக ஒரு தொகை உண்டு. அந்தச் சட்டத்தில் நமக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். குளிப்பாட்டுவது, கட்டு மாற்றுவது, இரவில் அலறி எழும்போது பிடித்துக்கொள்வது இவையெல்லாம் ஒரு வேலை என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. பெரும்பாலும் அந்த வேலையைச் செய்பவர் மனைவி, இல்லையேல் தாய். வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கும் பொறுப்பும் பல வீடுகளில் அவர்கள் தலையிலேயே விழுந்தது.

சட்டம் இருந்தும் பணம் நிம்மதியாக வரவில்லை. சர்வதேச நாணய நிதியத்தின் கடனுக்காகச் செலவைக் குறைக்க வேண்டும் என்ற நெருக்கடியில் வீரர்களின் சலுகைகளில் கைவைக்க முயன்றபோது, 2010 ஏப்ரலில் சரயேவோ தெருக்களில் முன்னாள் வீரர்களுக்கும் போலீசாருக்கும் மோதல் மூண்டது. 2018இல் முன்னாள் வீரர்கள் சாலைகளை மறித்தார்கள். உண்மையில் யார் போராடினார்கள் என்பதற்கு ஒரே பதிவேடு வேண்டும் என்பது அவர்களின் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. களத்துக்கே போகாதவர்கள் சான்றிதழ் வாங்கி உதவித்தொகை பெறுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு அங்கே நெடுங்காலமாக உண்டு. உண்மையாகவே காலை இழந்தவருக்கு இதைவிட அவமானம் வேறென்ன?

பணத்தைத் தாண்டிய ஒரு கேள்வியும் இருந்தது: காலையில் எழுந்து எங்கே போவது? அதற்கு அந்த நாட்டில் கிடைத்த விடைகளில் ஒன்று, தரையில் அமர்ந்து ஆடும் கைப்பந்து. 1956இல் நெதர்லாந்தில் உருவான விளையாட்டு இது. ஆடுகளம் 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். ஆண்களுக்கு வலையின் உயரம் 1.15 மீட்டர். பந்தை அடிக்கும்போது உடல் தரையை விட்டு எழும்பக் கூடாது. கைகளால் உந்தித் தரையில் நகர்ந்துகொண்டே ஆட வேண்டும். செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பெரும்பாலோர் களத்தில் அமர்கிறார்கள். தெருவில் கால்சட்டைக்குள் மறைத்து வைத்ததை அங்கே மறைக்க வேண்டியதில்லை. உச்சுக் கொட்டுவாரும் இல்லை.

சரயேவோவின் ஸ்பிட், ஃபான்டோமி ஆகிய இரு கழகங்களும் இப்படிக் காயம்பட்டவர்களைச் சேர்த்தே வளர்ந்தன. தேசிய அணியின் நீண்டகாலத் தலைவர் சபாஹுதீன் டெலாலிச் போரில் காலை இழந்தவர். 2000 சிட்னி பாராலிம்பிக்கில் வெள்ளி, 2004 ஏதென்ஸில் தங்கம், 2008 பெய்ஜிங்கில் வெள்ளி, 2012 லண்டனில் மீண்டும் தங்கம், 2016 ரியோவில் வெள்ளி, டோக்கியோவில் வெண்கலம், 2024 பாரிஸில் வெள்ளி. ஒலிம்பிக்கில் இதுவரை ஒரு பதக்கமும் வாங்காத நாடு அது என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

டோக்கியோ தவிர மற்ற ஆறு முறையும் இறுதிப் போட்டியில் போஸ்னியாவின் எதிரே அமர்ந்தது ஈரான். அது தற்செயலா? 1980 முதல் 1988 வரை நடந்த ஈரான்-ஈராக் போர் ஈரானிலும் கை கால் இழந்த ஒரு தலைமுறையை விட்டுச் சென்றது. அவர்களை அங்கே 'ஜான்பாஸ்', அதாவது உயிரைப் பணயம் வைத்தவர் என்று அழைக்கிறார்கள். 1988 சியோலில் ஈரான் இந்த விளையாட்டில் தங்கம் வென்றபோது அந்தப் போர் நின்று சில வாரங்களே ஆகியிருந்தன.

மத்ரஸாவில் ஓதிய நமக்கு இவர்களைப் பற்றிப் படிக்கும்போது அர்ஃபஜா பின் அஸ்அத் (ரலி) நினைவுக்கு வருகிறார். அறியாமைக் காலத்தில் நடந்த குலாப் என்ற போரில் மூக்கை இழந்தவர் அவர். வெள்ளியில் செய்து பொருத்திய மூக்கு துர்நாற்றம் வீசியது. தங்கத்தில் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் அவரிடம் கூறினார்கள். அபூதாவூத், திர்மிதி நூல்களில் இந்த ஹதீஸ் உள்ளது. ஆண்களுக்குத் தங்கம் தடை என்ற சட்டமே ஒரு காயம்பட்டவரின் தேவைக்காக விலகி வழிவிட்டது. உளூவில் கழுவ வேண்டிய பகுதி முழுதும் வெட்டுண்டு போனால் அதைக் கழுவும் கடமையும் நீங்கிவிடுகிறது. நிற்க முடியாதவர் அமர்ந்து தொழலாம். சட்டம் இவ்வளவு இடம் கொடுத்திருக்க, பள்ளிவாசல் படிக்கட்டுகளைக் கட்டும் நாம் அவர்களை நினைப்பதில்லை.

போஸ்னியாவின் கண்ணிவெடிகள் இன்னும் முழுதாக அகற்றப்படவில்லை. போர் முடிந்த பிறகும் 1,700க்கு மேற்பட்டோர் அவற்றில் சிக்கினர். அவர்களில் 600க்கு மேற்பட்டோர் இறந்தனர். 2014 மே மாத வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் கண்ணிவெடிகள் இடம்பெயர்ந்தன. எச்சரிக்கைப் பலகைகளும் அடித்துச் செல்லப்பட்டன. போர் நடந்தபோது சிறுவர்களாக இருந்து, பின்னர் வெடியில் சிக்கிக் காலை இழந்தவர்களும் தேசிய அணியில் ஆடியிருக்கிறார்கள். போரில் ஆடத் தொடங்கிய உடல்களுக்கோ இப்போது வயதாகிவிட்டது. முப்பது ஆண்டுகள் முழுப் பாரத்தையும் சுமந்த நல்ல காலின் மூட்டு தேய்கிறது. உந்தி நகர்ந்த தோள்கள் வலிக்கின்றன. அன்று கட்டு மாற்றிய மனைவிமாருக்கும் அதே வயதுதான். அவர்களில் யார் முதலில் படுக்கையில் விழுவார், அப்போது யார் யாரைப் பார்த்துக்கொள்வது என்பதுதான் இன்று அந்த வீடுகளில் உள்ள கேள்வி.