நாண் பட்ட கை

செம்மேட்டில் ஆடிப்பெருக்கை ஒட்டி நடக்கும் வல்வில் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டியும் உண்டு. நான் இலக்குப் பலகையைப் பார்க்கமாட்டேன். பிள்ளைகளின் கைகளைத்தான் பார்ப்பேன். வில் பிடித்த கையின் உட்புறம் ஒரு பட்டை, விடுபட்ட நாண் சுளீரென்று அடிக்காமலிருக்க. இழுக்கும் விரல்களுக்குத் தோல் துண்டு. அது இல்லாமல் பகல் முழுக்க எய்தவன் இரவில் சோறு பிசையத் திணறுவான்.

ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்திய ஓரியை வன்பரணர் பாடினார் (புறநானூறு 152). அந்தக் கை பட்ட பாட்டை அவர் சொல்லவில்லை. கபிலர் சொன்னார், வேறொருவருக்கு: சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதனின் கை வன்மைக்கு நாண் வடுவும் ஒரு காரணமாம் (புறம் 14). புலவர் கைக்கோ உண்பதே வேலையாம். குறும்புக்காரர்!

வில்லில் காப்பெல்லாம் எய்பவனுக்கு. சாய உருண்டைகளைச் சுட்டு ஆடும் பெயிண்ட்பாலில் கதை தலைகீழ். மரங்களுக்குக் குறியிடப் பயன்பட்ட நெல்ஸ்பாட் துப்பாக்கியை வைத்து 1981-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் முதல் ஆட்டம் ஆடினார்கள். இன்று குழல்வாயில் மாட்டும் துணி உறை சுடுபவரைக் காப்பதற்கல்ல. கைதவறி விசை அழுந்தினால் நொடிக்கு 300 அடி வரை பாயும் உருண்டையைத் தடுத்து, எதிரே நிற்பவரின் கண்ணைக் காப்பதற்கு.