பெயர் பெறாத தொடக்கம்

கிரூன்ஃபெல்டு தற்காப்பு என்னும் சதுரங்கத் தொடக்கம், 1922இல் அதனை அரங்கேற்றிய ஆஸ்திரியரான எர்ன்ஸ்ட் கிரூன்ஃபெல்டின் பெயரைத் தாங்கியுள்ளது. ஆயினும் 1855ஆம் ஆண்டிலேயே, கொல்கத்தாவில், ஸ்காட்லாந்து வழக்கறிஞர் ஜான் காக்ரேனை எதிர்த்துக் கறுப்புக் காய்களுடன் மகேஷ்சந்திர பானர்ஜி இதே தொடக்கத்தை ஆடியிருக்கிறார்; எனினும் அந்த ஆட்டத்தில் அவர் தோற்றார்.

இம்முறையின் வேர் அன்றைய இந்திய விதிகளில் உள்ளது. அவற்றின்படி சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். அதில் பழகியவர், குதிரைக்கு முன்னுள்ள சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி, அமைச்சரை நீண்ட மூலைவிட்டத்தில் நிறுத்துவது இயல்பே. இவ்வகைத் தொடக்கங்களை ஐரோப்பியர் 'இந்தியத் தற்காப்பு' என்றனர்.

கலைச்சொல்லாக்கம் நடுநிலையானதன்று. கிரூன்ஃபெல்டுக்குத் தன் பெயரே கிட்டியது. மகேஷ்சந்திரருக்கோ நாட்டின் பெயர் மட்டுமே எஞ்சியது. ஆட்டக் குறிப்பு பிழைத்திராவிடில் அதற்குப் பின்னுள்ள மனிதரையும் நாம் அறிந்திருக்க மாட்டோம்.

— மல்லேஸ்வரம், பெங்களூரு