பேகன் துறந்த கண்ணகி

மயிலுக்குப் போர்வை அளித்த பேகனை அறியாத தமிழர் அரியர். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகச் சிறுபாணாற்றுப்படை அவனைப் போற்றுகிறது. பள்ளிப் பாடநூல்களும் அக்கதையைத் தவறாமல் சொல்கின்றன. ஆனால் புறநானூற்றில் மயிலைப் பற்றிய பாடல்களுக்கு அடுத்தே ஐந்து பாடல்கள் உள்ளன. 143 முதல் 147 வரையிலான அவ்வைந்தும் மயிலைப் பற்றியன அல்ல. பேகனால் கைவிடப்பட்ட அவன் மனைவியைப் பற்றியவை. பெருங்கதையின் ஓரத்தில் ஒரு கணம் தோன்றி மறையும் அப்பெண்ணைப் பற்றியே இங்கு நாம் பேச விழைகிறோம்.

முதலில் நிலத்தை அறிவோம். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கிக் கிளைத்து நீள்வது பழனி மலைத்தொடர். அதன் அடிவாரத்தில் பழனி. ஏறத்தாழ 2100 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல். சங்க காலத்தில் பழனிக்குப் பொதினி என்று பெயர். வேள் ஆவியின் பொதினியை அகநானூற்றின் முதற்பாடலிலேயே மாமூலனார் குறிக்கிறார். அந்த ஆவியர் குடியில் வந்தவனே வையாவிக் கோப்பெரும் பேகன்.

கொடைக்கானல் என்ற மலைவாழ் நகரம் 1845இல் அமெரிக்கச் சமயப் பணியாளர்கள் குடியேறியதிலிருந்து வளர்ந்தது. மலையில் மனிதர் வாழ்ந்த வரலாறோ மிகத் தொன்மையானது. தாண்டிக்குடி முதலிய இடங்களில் கற்பலகைகளால் அமைத்த ஈமச்சின்னங்கள் இன்றும் நிற்கின்றன. அடிவாரத்துப் பொருந்தலில் பேராசிரியர் கா. இராஜன் 2009, 2010ஆம் ஆண்டுகளில் நடத்திய அகழாய்வில், ஈமக்குழியொன்றில் கிடைத்த நெல் கி.மு. 490ஆம் ஆண்டளவினது எனக் காலக்கணிப்பு செய்யப்பட்டது. ஆவியரின் நாடு புலவர்தம் கற்பனையில் மட்டும் இருந்த நாடன்று.

இனிப் பாடல்களுக்கு வருவோம். முதலில் பேசுபவர் கபிலர். பசித்த சுற்றத்தோடு மலையூர் வாயிலில் நின்று பேகனையும் அவன் மலையையும் பாடியபோது, கண்ணீரை அடக்கமாட்டாமல் குழல் இரங்குவதுபோல் அழுத பெண்ணொருத்தியைக் கண்டதாகச் சொல்லி, இரங்கத்தக்க அவள் யாரோ என்று பேகனிடமே கேட்கிறார். யாரென அறியாமலா கேட்டார்? அறியாதவர்போல் கேட்பதில்தான் அவ்வினாவின் கூர்மை இருக்கிறது.

அடுத்த பாடலில் பரணர் அவளைப் பேச வைக்கிறார். மாலைப்பொழுதில் யாழில் செவ்வழிப் பண் இசைத்துப் பேகனின் காட்டைப் பாட, அவள் அழுகிறாள். எம் நண்பனுக்கு நீ உறவோ என்று கேட்கிறார் புலவர். அவள் விரலால் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, உறவில்லை என்கிறாள். தன்னைப்போன்ற ஒருத்தியின் அழகை விரும்பி, அவன் நாள்தோறும் முல்லை வேலியிட்ட ஊருக்குத் தேர் ஒலிக்க வருவதாகப் பிறர் சொல்கின்றனர் என்கிறாள். சங்கப் பாடல்கள் அனைத்திலும் அவள் வாய்ச்சொல்லாக நமக்குக் கிடைப்பது இவ்வளவே. தன்னை மனைவி என்று சொல்லிக்கொள்ள மறுத்த அந்த ஒரு சொல்லில் சினம் உண்டு, மானம் உண்டு. ஆயினும் அவன் புகழை அவள் பழிக்கவில்லை.

தொடர்ந்து பரணர் தாமே முறையிடுகிறார். மயில் உடுத்தாது, போர்த்தாது என்று அறிந்தும் அதற்குப் போர்வை ஈந்தவன் என்று முன்னர் (141) பாடியவர் அவர். வறண்ட குளத்திலும் களர்நிலத்திலும் வேறுபாடின்றிப் பெய்யும் மழைக்குப் பேகனின் கொடைமடத்தை ஒப்பிட்டவரும் (142) அவரே. அந்த மழை தன் வீட்டு முற்றத்தில் மட்டும் ஏன் பெய்யவில்லை? பரணர் இவ்வாறு வெளிப்படக் கேட்கவில்லை. மயிலின் குளிருக்கு இரங்கியவனே என்று அழைத்து, தாம் பசியால் வரவில்லை, இன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயர் களைவதே தாம் இரக்கும் பரிசில் என்கிறார். அழைக்கும் விளியிலேயே குற்றச்சாட்டு அடங்கிவிடுகிறது.

அரிசில் கிழார் அணிகலனும் செல்வமும் வேண்டாம் என்கிறார். அவள் கூந்தலில் மீண்டும் பூச்சூட நீ தேரில் குதிரை பூட்டினால் போதும் என்கிறார். அக்கூந்தலுக்கு அவர் தரும் உவமை மயிலின் தோகை! பெருங்குன்றூர் கிழாரும், எண்ணெய் துறந்த அவள் கூந்தல் கழுவிய மணிபோல் மாசுநீங்கி மலர் சூடுமாறு இன்றே புறப்படுவதுதான் தம் பரிசில் என்கிறார். பரிசிலை நம்பி வாழ்ந்த புலவர்கள், ஒரு பெண்ணின் பொருட்டுப் பரிசிலை விலக்கி வள்ளலை வழக்கில் நிறுத்துகின்றனர்.

பரத்தையை நாடிச் சென்ற தலைவனும் தனித்திருக்கும் தலைவியும் அகப்பாடல்களின் மருதத் திணையில் நமக்குப் பழகியவர்களே. பாணன் தூது வருவான், தலைவி ஊடுவாள், வாயில் திறக்கும் அல்லது மூடும். அங்கே யாருக்கும் பெயரில்லை. அன்பின் ஐந்திணையில் தலைமக்களின் பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய விதி. இங்கோ பேகன் பெயரோடு நிற்கிறான். பெயர் வந்ததும் பாடல் புறமாகிறது. ஐந்துக்கும் திணை பெருந்திணை, துறை குறுங்கலி என்று வகுத்துள்ளனர். அகத்தில் வீட்டுக்குள் தீரும் பிணக்கு, புறத்தில் ஊரறிந்த முறையீடாகிவிடுகிறது.

அவளுக்கு அப்பாடல்களில் பெயரே இல்லை என்பதையும் நாம் கருதவேண்டும். கண்ணகி என்ற பெயரைத் தருபவை பாடல்களின் கீழுள்ள பழங்குறிப்புகளே. உ.வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்ததன்வழி அக்குறிப்புகளும் நம் கைக்கு வந்தன. அவள் குலத்துப் பெண்டிரின் நிலையும் இதுவே போலும்: பதிற்றுப்பத்தின் நான்காம் பதிகம், சேர வேந்தனை ஈன்ற வேளாவிக் கோமான் குடிமகளைப் பதுமன் தேவி என்று தந்தையின் பெயரோடு சேர்த்தே சுட்டுகிறது.

பெயரொற்றுமையால் சிலப்பதிகாரக் கண்ணகி நினைவுக்கு வருவது இயல்பு. கணவன் வேறொருத்தியை நாடுதல், கைவிடப்பட்டவள் மலைநாட்டில் நிற்றல், குறவர் சூழல் என ஒப்புமைகள் பல. இருவரும் ஒருவரே என்று கொள்ள இவை போதா. வேற்றுமையே பெரிது. புகாரின் கண்ணகி அரசவை ஏறி வழக்குரைத்தாள், மதுரை எரிந்தது, அவளுக்குக் கோயில் எழுந்தது. பொதினியின் கண்ணகிக்காக வழக்குரைத்தவர் புலவர்களே.

தீர்ப்பு என்ன? பேகன் தேர் பூட்டினானா? ஆறாவது பாடல் இல்லை. 148ஆம் பாடல் கண்டீரக்கோப் பெருநள்ளியின் கொடையைப் புகழத் தொடங்கிவிடுகிறது. மயில் பெற்ற போர்வையை ஈராயிரம் ஆண்டுகளாக நாம் கொண்டாடுகிறோம். அக்கொடையைச் சொல்லும்போதெல்லாம், அதே புலவர்கள் கேட்டும் அவன் கொடுத்ததாகச் செய்தியில்லாத இந்த ஒரு பரிசிலையும் சேர்த்துச் சொல்வதே, அவர்களுக்கு நாம் செய்யும் நேர்மையாகும்.