உறங்குமுன் ஒரு சொல்

அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டிற்குச் செல்வோர், 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து கண்ட உரோமானிய வணிகச் சான்றுகளை எண்ணியே அங்கு நிற்பர். அருகே சிதைந்து நிற்கும் செங்கற் சுவர்களைப் பலரும் கண்டும் காணாது திரும்புவர். அவை பண்டைத் துறைமுகத்தைச் சேர்ந்தவை அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் பாரீஸ் வேதபோதக சபையார் நடத்திய குருமடத்தின் எச்சம் எனக் கருதப்படுபவை.

அக்குருமடம் இவ்வூர்ப்பக்கம் வந்த வரலாறு துயரமானது. 1665-இல் சயாம் நாட்டு அயுத்தியாவில் தொடங்கிய அது, பர்மியப் படையெடுப்பினால் இடம்பெயர்ந்து, ஹாத்தியன் அருகே ஹொன்தாத்தில் ஒதுங்கியது. 1769-இன் இறுதியில் கொள்ளையர் அதனைத் தாக்கினர். மாணவர் சிலர் மாண்டனர். தலைவராயிருந்த பிஞ்ஞோ தெ பெஹேன் அடிகளாருக்கு அப்போது வயது 28. எஞ்சியவர்களை அழைத்துக்கொண்டு மலாக்கா வழியாக 1770-இல் புதுவை வந்து சேர்ந்தார். வீராம்பட்டினத்தில் குருமடம் மீண்டும் எழுந்தது. வியத்நாம் - இலத்தீன் அகராதி ஒன்றை அவர் அங்கிருந்தே தொகுத்தார். பத்தாண்டுகளுக்குச் சற்று மேல் நீடித்த அக்குருமடம், பின்னர் 1808-இல் பினாங்கில் மறுவாழ்வு பெற்றது.

தாய்மொழியும் உணவும் வேறான பிள்ளைகள் அயல்மண்ணில் எதைப் பற்றிக்கொண்டு வாழ்ந்திருப்பர்? குருமடத்தில் வளர்ந்த எனக்கு இதில் ஐயமில்லை, மணியைத்தான். எழ, செபிக்க, உண்ண, படிக்க, மௌனம் காக்க, உறங்க என ஒவ்வொன்றிற்கும் மணி உண்டு. சிறுவனாய்ச் சேர்ந்த முதல் மாதம் அம்மணியை வெறுத்தேன். விடுமுறையில் வீடு சென்றபோதோ, இரவு மணி கேளாமல் உறக்கம் வரவில்லை.

ஆயினும் மணி மட்டும் போதுமா? இங்கே தூரின் நகருக்குச் செல்ல வேண்டியுள்ளது. 1847 மே மாதத்து மழையிரவு ஒன்றில், பதினைந்து வயது அநாதைச் சிறுவன் ஒருவன் நனைந்தபடி தொன் போஸ்கோவின் கதவைத் தட்டினான். கொத்துவேலை தேடி வந்தவன். கையிலிருந்த மூன்று லீரும் செலவாகிவிட்டது. முன்னர் இடங்கொடுத்தவர்கள் போர்வைகளைத் திருடிச் சென்றிருந்ததால் தொன் போஸ்கோ தயங்கினார். அவர் தாய் மார்கரீத்தாவோ அவனை அடுக்களையில் படுக்கவைக்க இசைந்தார். செங்கற்களை அடுக்கி, பலகை பரப்பி, வைக்கோல் மெத்தை இட்டனர். பின் அத்தாய் உழைப்பு, நேர்மை, சமயம் பற்றி அவனிடம் சிறிது நேரம் பேசினார். செபிக்க அழைத்தபோது தனக்குத் தெரியாதென்றான். தம்முடன் சேர்ந்து சொல்லச் செய்தார். அதன்பின், பாத்திரங்கள் காணாமற் போகாதிருக்க, அடுக்களைக் கதவு காலைவரை பூட்டப்பட்டது! வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பூட்டு அது. அன்பு செய்தார்கள், ஏமாளிகளாகவும் இருக்கவில்லை.

அவ்விரவுச் சொற்களிலிருந்து சலேசிய இல்லங்களின் 'குட்நைட்' வழக்கம் பிறந்தது. இரவுச் செபத்திற்குப்பின் தலைவர் பிள்ளைகளிடம் ஓரிரு நிமிடம் தந்தைபோற் பேசுவார், உடனே உறக்கம். 1906-இல் தஞ்சைக்கு வந்த முதல் சலேசியர் அதனைத் தமிழகத்திற்கும் கொணர்ந்தனர். அவ்வழக்கத்தில் நீண்ட அறிவுரைக்கு இடமில்லை என்பதைப் பெற்றோர் கவனித்தல் நலம். மறையுரை நீட்டும் என் போன்றோரும்தான்.

நம் பங்கில் ஒரு தாய், "சாமி, மணி பத்தானாலும் பையன் படுக்க மாட்டேங்கிறான், நீங்க கண்டிச்சு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று வந்தார். அந்நேரம் வீட்டில் என்ன நடக்கிறதென்று வினவினேன். தாம் தொலைக்காட்சித் தொடர் பார்ப்பதாகவும், கணவர் கைப்பேசி பார்ப்பதாகவும் தயங்கித் தயங்கிக் கூறினார். மகனிடம் நாளின் இறுதியாகச் சொல்வது? "போய்ப் படுன்னுதான், சாமி."

மார்கரீத்தாவின் கதையைச் சொன்னேன். ஒன்பதரைக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஓர் அருள் நிறைந்த மரியே, அன்று நடந்த ஒரு நல்ல செய்தி, அவ்வளவே போதும் என்றேன். முதல் வாரம் பையன் சிரித்தானாம். மூன்று நாள் அவரே மறந்துபோனாராம். இரு மாதம் கழித்துப் பூசைக்குப்பின் அவரைக் கண்டு விசாரித்தேன்.

"இன்னமும் சில நாள் பத்தாயிடுது, சாமி. ஆனா தொடர் முடியறதுக்குள்ள அவனே வந்து டிவியை அணைச்சுட்டு, 'அம்மா, சொல்ல வா'ன்னு கூப்பிடறான்" என்றார்.