மலையேறிய தேர்தல் வழக்கு

போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணிக்குப் போகும் சாலை முடிகிற இடத்தில் மலை செங்குத்தாக எழுகிறது. உச்சியில் டாப் ஸ்டேஷன். மூணாறுத் தேயிலை ஒரு காலத்தில் அங்கிருந்து ரோப்வேயில் இறங்கி, போடி வழியாகத்தான் வெளியூர் போனது. சரக்கு இறங்கிய மலையில் ஆட்கள் ஏறினார்கள். ஏலத்தோட்டத்திலும் தேயிலைத் தோட்டத்திலும் கூலிக்கு நின்றவர்களில் பெரும்பாலோர் தமிழர். அந்த மலைப்பகுதியின் தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்துக்கே வேண்டும் என்ற குரல் அதனால்தான் அத்தனை வலுவாக எழுந்தது. நீதிபதி பசல் அலி தலைமையிலான மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955இல் அதை ஏற்கவில்லை. 1956 நவம்பர் 1 முதல் அந்த மலை கேரளத்துக்குரியதானது.

மறு ஆண்டே தேர்தல். தேவிகுளத்தில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வென்றார். கேரளச் சட்டமன்றத்தின் முதல் தற்காலிகச் சபாநாயகரும் அவரே. ஆனால் அதே தொகுதியில் காங்கிரஸின் பி.கே. நாயர் கொடுத்த வேட்புமனுவைத் தேர்தல் அதிகாரி தள்ளியிருந்தார்.

தள்ளப்பட்டவர் உடனே நீதிமன்றம் போக முடியாதா? முடியாது. 1952 பொதுத்தேர்தலின்போது நாமக்கல் தொகுதியில் மனு தள்ளப்பட்ட பொன்னுசாமி உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தார். தேர்தல் தொடங்கிவிட்டால் நடுவில் எந்த நீதிமன்றமும் குறுக்கே வரக்கூடாது, முடிவு வந்தபிறகு தேர்தல் மனு போடுவதுதான் வழி என்று அரசியலமைப்பின் 329ஆம் பிரிவைக் காட்டித் தீர்ப்பு வந்தது. அதை எழுதியவரும் பசல் அலிதான். மலையை எந்த மாநிலத்தில் வைப்பது என்று பரிந்துரைத்தவரின் தீர்ப்பே, அந்த மலையில் மனு தள்ளப்பட்டவரையும் வாக்குப்பதிவு முடியும்வரை காத்திருக்க வைத்தது.

காத்திருந்தவருக்குச் சட்டம் கைகொடுத்தது. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 100ஆம் பிரிவில் ஒரு நுட்பம் இருக்கிறது. தகுதியில்லாத ஒருவரின் மனுவைத் தவறாக ஏற்றுக்கொண்டால், அதனால் முடிவு மாறியது என்று நிரூபிக்க வேண்டும். தகுதியுள்ளவரின் மனுவைத் தவறாகத் தள்ளிவிட்டாலோ, எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை, தேர்தலே செல்லாது. களத்தில் இறங்கவே விடாத ஒருவருக்கு எத்தனை வாக்கு விழுந்திருக்கும் என்று யாரால் கணக்குச் சொல்ல முடியும்? இவ்வளவு நியாயமான விதி நம் தேர்தல் சட்டத்தில் வேறு இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. இந்த விதிப்படி தன் தேர்தல் செல்லாது என்றானதை எதிர்த்து ரோசம்மா மேல்முறையீடு செய்தார். கேரள உயர் நீதிமன்றத்திலும் பலனில்லை. ஆளுங்கட்சி உறுப்பினரின் பதவி பறிபோனது.

1958 மே மாதம் இடைத்தேர்தல். இ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு இருந்த பலமே, ஆதரவளித்த ஐந்து சுயேச்சைகளையும் சேர்த்து 65 பேர். தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் 126. பாதிக்கு மேல் இரண்டே பேர்! ஓர் இடம் போனாலும் ஆட்சி ஆட்டம் காணும் என்பதால் இரு கட்சிகளும் முழுப் பலத்தோடு இறங்கின. இம்முறை பி.கே. நாயரும் களத்தில் நின்றார். ஆனால் வாக்காளர்களில் பெருந்தொகையினர் பேசியது தமிழ். மேடை மலையாளம் அவர்கள் மனசைத் தொட வேண்டுமே!

அதற்குக் கம்யூனிஸ்டுகளுக்கு ஆள் கிடைத்தது போடிக்குத் தெற்கே, மலையடிவாரப் பண்ணைப்புரத்தில். பாவலர் வரதராசன், இளையராஜாவின் அண்ணன். தோட்டக்காட்டுச் சனங்கள் பேசுகிற தமிழிலேயே பாட்டுக் கட்டிக்கொண்டு மலையேறினார். காங்கிரஸின் இரட்டைக் காளைச் சின்னம் அவர் பாட்டில் படாதபாடு பட்டது. பின்னாளில் தமிழகமெங்கும் தெரிந்த அந்தக் கச்சேரிக் குரலுக்குப் பெரிய அரங்கமாக அமைந்தது இந்த மலைத் தேர்தல்தான்.

ரோசம்மா சுமார் 7,000 வாக்கு வித்தியாசத்தில் மறுபடி வென்றார். மனு தள்ளப்பட்டவர் போட்டியிட்டுத் தோற்றார், பதவி இழந்தவர் போட்டியிட்டு மீண்டார். மலையில் தப்பிய அந்த ஆட்சியை 1959 ஜூலை 31 அன்று டெல்லி 356ஆம் பிரிவைக் கொண்டு கலைத்தது.