மடாதிபதியின் அறையில் பதித்த திருகைக் கற்கள்

1381-ஆம் ஆண்டு, ஜூன் மாத நடுப்பகுதி. லண்டனுக்கு வடமேற்கே சுமார் 20 மைல் தூரத்தில் இருக்கும் செயின்ட் ஆல்பன்ஸ் ஊர்மக்கள் கூட்டமாக மடத்துக்குள் நுழைந்தார்கள். அங்கே வெளியாட்களைப் பார்த்துப் பேசுவதற்கென்று ஓர் அறை இருந்தது. அதன் தரையில் பாவியிருந்தவை திருகைக் கற்கள். ஊரார் அவற்றைப் பெயர்த்தெடுத்தார்கள். வெளியே கொண்டுவந்து உடைத்தார்கள். ஆளுக்கொரு துண்டாகப் பகிர்ந்துகொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மந்திரித்த அப்பத்தைப் பிட்டுப் பிட்டுக் கொடுப்பதுபோல அந்தக் கற்களைக் கொடுத்தார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார் தாமஸ் வால்சிங்கம். இவர் அதே மடத்துத் துறவி. ஊராரின் கலகத்தை மனதார வெறுத்தவர். ஆனாலும் அந்தக் காட்சியைச் சொல்ல அவருக்குக் கோயில் அப்பத்தைத் தவிர வேறு உவமை கிடைக்கவில்லை.

உடைந்த திருகைக் கல்லில் ஒரு பிடி மாவு அரைக்க முடியாது. பிறகு எதற்காக அதை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்? அதைத் தெரிந்துகொள்ள நாம் நூறு வருடம் பின்னால் போக வேண்டும்.

அன்றைய இங்கிலாந்தின் கிராமம் மேனர் என்னும் பண்ணைக்குள் அடங்கியது. பண்ணைக்கு ஒரு பிரபு. அவர் போர்வீரராக இருக்கலாம், பிஷப்பாக இருக்கலாம், ஒரு மடமாகவும் இருக்கலாம். அவருக்குக் கீழே வழக்கத்தின் பேரில் நிலம் வைத்திருந்த குடிகள். வாரத்தில் சில நாள் பிரபுவின் சொந்த நிலத்தில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். நம் கல்வெட்டுகளில் வெட்டி, அமஞ்சி என்று வருமே, அதே வகை உழைப்பு. மகளைக் கட்டிக்கொடுத்தால் பிரபுவுக்குப் பணம். குடியானவன் செத்தால் அவன் மாட்டுக் கொட்டிலில் இருக்கும் நல்ல மாடு பிரபுவுக்கு. எத்தனை நாள் உழைப்பு, எவ்வளவு பணம் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அந்த ஊர் மாமூல். மாமூலில் சந்தேகம் வந்தால் பண்ணைக் கோர்ட்டுக்குப் போக வேண்டும். கோர்ட் பிரபுவுடையது. அங்கே எழுதப்படும் தோல் சுருளும் பிரபுவின் பெட்டியில்தான் இருக்கும்.

இவர்களை அன்று வில்லெய்ன் என்றார்கள். ‘வில்லா’ என்றால் லத்தீனில் பண்ணை. பண்ணையில் உழைத்தவனின் பெயர் காலப்போக்கில் அயோக்கியனின் பெயராக மாறிவிட்டது. நம் சினிமாவில் வரும் ‘வில்லன்’ அந்த உழவன்தான். ஒரு சொல்லுக்கு இந்தக் கதி நேர்ந்ததற்குக் காரணம், எழுதத் தெரிந்தவர்கள் எல்லாரும் பிரபுவின் பக்கத்தில் இருந்ததே என்று நான் நினைக்கிறேன். வில்லெய்ன் தன் பிரபுவின் மேல் நிலத்துக்காக அரசரின் கோர்ட்டில் வழக்குப் போட முடியாது. ‘இவன் என் வில்லெய்ன்’ என்று பிரபு நிரூபித்துவிட்டால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

இனி மாவுக்கு வருவோம். பிரபுவின் குடிகள் பிரபுவின் ஆலையில்தான் தானியம் அரைக்க வேண்டும் என்பது மாமூல். ஆலைக்காரன் அரைப்புக் கூலியைத் தானியமாகவே அள்ளிக்கொள்வான். அது இடத்துக்கு இடம் மாறும். தெற்கே 24-ல் ஒரு பங்கு என்றிருந்தது, வடக்கே 13-ல் ஒரு பங்கு வரைக்கும் போனது. மழையில் மூட்டையைச் சுமந்துகொண்டு போய், ஆலையில் முறை வரும்வரை காத்திருந்து, கூலியும் கொடுத்துத் திரும்ப வேண்டும்.

வீட்டு மூலையில் ஒரு திருகை இருந்தால் இது எதுவும் வேண்டாம். அடிக்கல் ஒன்று, மேல்கல் ஒன்று, நடுவில் ஒரு குழி, விளிம்பில் ஒரு மரப்பிடி. ஒரு கை தானியத்தைக் குழியில் போட, மறு கை பிடியைச் சுற்ற, கல்லைச் சுற்றி மாவு உதிரும். தோள் கடுக்கும் வேலைதான். ஆனால் அந்தத் தோள் அவர்களுடையது, அந்த நேரமும் அவர்களுடையது. அதனால்தான் பிரபுக்கள் திருகையைக் கண்டால் விடவில்லை.

செயின்ட் ஆல்பன்ஸ் மடம் இங்கிலாந்தின் பெரிய மடங்களில் ஒன்று. 8-ஆம் நூற்றாண்டில் மெர்சியா நாட்டை ஆண்ட ஆஃபா மன்னன் ஸ்தாபித்ததாக அதன் வரலாறு. வெர் ஆற்றங்கரையில் மடத்துக்கு ஆலைகள் இருந்தன. மடத்து வாசலிலேயே ஊர் வளர்ந்தது. 1086-இல் எடுக்கப்பட்ட டூம்ஸ்டே கணக்குப் புத்தகத்தில் இந்த ஊரில் 46 நகரத்தார் இருந்ததாகப் பதிவு இருக்கிறது. நகரத்தார் என்றால் சுதந்திரமானவர்கள், மற்ற குடிகளைப்போல் அல்ல. ‘நாங்கள் அந்த நகரத்தாரின் வம்சம்’ என்றது ஊர். ‘நீங்கள் என் குடிகள்’ என்றது மடம். ஒரு ஊருக்கும் ஒரு மடத்துக்கும் நடுவே நூறு வருடத்துக்கும் மேல் ஓடிய சண்டை இந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கியிருக்கிறது.

1274-இல் அது வெளிப்படையாக வெடித்தது. ஊரார் வீட்டுத் திருகையில் அரைக்கிறார்கள், துணியையும் மடத்து ஆலைக்கு அனுப்பாமல் தாங்களே மிதித்துப் பதப்படுத்துகிறார்கள் என்று மடத்து ஆட்கள் வந்து பறிமுதல் செய்தார்கள். ஊரார் பணம் திரட்டி வழக்கில் இறங்கினார்கள். ராணி எலினோர் அந்த வழியாக வந்தபோது பெண்கள் கூட்டமாகப் போய் முறையிட்டார்கள். மாவும் மால்ட்டும் அரைத்து, ரொட்டியும் பீரும் செய்தவர்கள் அந்தப் பெண்கள்தான். திருகை போனால் முதலில் வலிப்பது அவர்களுக்கு. ஆனால் வழக்கில் ஜெயித்தது மடம்.

அடுத்த வாய்ப்புக்கு அரை நூற்றாண்டு காத்திருந்தார்கள். 1327 ஜனவரியில் இரண்டாம் எட்வர்ட் அரியணை இழந்தார். நாட்டில் யார் ஆள்கிறார்கள் என்ற குழப்பம். அந்தச் சமயத்தில் ஊரார் மடத்தை முற்றுகையிட்டு, மடாதிபதி ஹ்யூவிடம் சாசனம் எழுதி வாங்கினார்கள். வீடுகளில் திருகைகள் மறுபடி உருளத் தொடங்கின. சுமார் 80 திருகைகள். சின்ன ஊரில் அது எவ்வளவு பெரிய எண்ணிக்கை!

அதே வருடம் ஹ்யூ காலமானார். அவர் இடத்துக்கு வந்தவர் ரிச்சர்ட் ஆஃப் வாலிங்ஃபோர்ட். இந்தக் கதையில் என்னை அதிகம் கலங்கடிப்பவர் இவர்தான்.

ரிச்சர்ட் ஒரு கொல்லரின் மகன். சிறு வயதிலேயே தகப்பனை இழந்தவர். ஒரு மடத்துத் தலைவர் எடுத்து வளர்த்து ஆக்ஸ்ஃபோர்டுக்கு அனுப்பினார். கணிதத்திலும் வானியலிலும் அன்றைய ஐரோப்பாவில் அவருக்கு இணை சிலரே. கிரகங்களின் நிலையைக் கணக்கிட ‘ஆல்பியன்’ என்ற கருவியை உருவாக்கினார். மடத்துக்காக அவர் வடிவமைத்த இயந்திரக் கடிகாரம் மணி மட்டுமல்ல, சூரிய சந்திர ஓட்டத்தையும் காட்டியது. கோயில் சுவர் இடிந்து கிடக்கும்போது கடிகாரத்துக்கு இவ்வளவு செலவா என்று மூன்றாம் எட்வர்ட் கேட்டாராம். சுவரை எனக்குப் பின்னால் வருகிறவர்கள் கட்டிவிடுவார்கள், இந்தக் கடிகாரத்தைச் செய்ய ஆள் கிடைக்காது என்று பதில் வந்ததாம். தொழுநோய் அவர் உடலைத் தின்றுகொண்டிருந்தது. கடிகாரம் முழுமை அடைவதைப் பார்க்காமலே 1336-இல் இறந்தார்.

பட்டறையில் பிறந்த பிள்ளைக்கு, தன் கையால் தன் உணவை ஆக்கிக்கொள்வது என்னவென்று தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் மடாதிபதியான பிறகு அவர் மடத்தின் உரிமையை இழைகூட விட்டுக்கொடுக்கவில்லை. வழக்குமேல் வழக்காக நெருக்கி ஊரைப் பணியவைத்தார். 1331 வாக்கில் ஊரார் தங்கள் சாசனத்தைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. திருகைகளைக் கொண்டுவந்து மடத்தில் ஒப்படைத்தார்கள். அந்தக் கற்களைத்தான் ரிச்சர்ட் தன் பேச்சறையின் தரையில் பாவினார்.

கற்களை ஆற்றில் போட்டிருக்கலாம், உடைத்துப் பாதை போட்டிருக்கலாம். வெளியாட்கள் வந்து நிற்கும் அறையிலேயே பதித்தது, வருகிறவன் ஒவ்வொருவனும் அதை மிதித்துக்கொண்டுதான் பேச வேண்டும் என்பதற்காகத்தான். 50 வருடம் அப்படியே கிடந்தன. கல்லைக் கொடுத்தவர்கள் செத்துப்போனார்கள். நடுவில் 1348-இல் கொள்ளைநோய் வந்து ஊர் ஊராக வாரிக்கொண்டு போனது. ஆனாலும் எந்த அறையில் எதற்காக அந்தக் கல் கிடக்கிறது என்று பேரப்பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது.

கொள்ளைநோய்க்குப் பிறகு உழைக்கும் கைகள் குறைந்தன. மிஞ்சியவர்கள் அதிகக் கூலி கேட்டார்கள். சட்டம் போட்டுக் கூலியை அமுக்கினார்கள், பழைய மாமூல்களைப் பிரபுக்கள் இன்னும் இறுக்கினார்கள். 1377-இல் தென் இங்கிலாந்தில் சுமார் 40 ஊர்களின் குடிகள் டூம்ஸ்டே புத்தகத்திலிருந்து தங்கள் ஊர்ப் பகுதிக்கு அரசு முத்திரையோடு நகல் வாங்கினார்கள். ‘எங்கள் ஊர் பழைய அரச நிலம். ஆகவே புதிதாக ஊழியம் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை’ என்று நகலைக் காட்டி வேலையை நிறுத்தினார்கள். அந்த நகல்கள் கோர்ட்டில் எடுபடவில்லை. எடுபடாவிட்டாலும், எழுத்தறியாத உழவர்கள் காசு சேர்த்து 300 வருடத்துக்கு முந்தைய ஆவணத்தைத் தேடிப் போனார்கள் என்பதே எனக்குப் பெரிய செய்தி. பிரபுவின் ஆயுதம் எது என்று அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

நான்கு வருடம் கழித்து, தலைவரியை எதிர்த்து எசெக்ஸிலும் கென்ட்டிலும் கிளம்பிய உழவர் எழுச்சி லண்டனைப் பிடித்தது. செயின்ட் ஆல்பன்ஸிலிருந்து வில்லியம் கிரிண்ட்கோப் தலைமையில் ஒரு குழு லண்டனுக்குப் போய், 14 வயது அரசர் இரண்டாம் ரிச்சர்டிடமிருந்து கடிதம் வாங்கிவந்தது. ஊரின் உரிமைச் சாசனங்களை மடாதிபதி திருப்பித் தர வேண்டும் என்பது அதன் சாரம். ஊரார் மடத்துக் காட்டின் வேலிகளைப் பிரித்தார்கள். உயிரோடு பிடித்த ஒரு முயலைச் சந்தையில் தண்டனை மரத்தில் கட்டினார்கள். வேட்டை உரிமை இனி ஊருக்கு என்பதற்கு அது அடையாளம். மடத்தின் சிறையைத் திறந்தார்கள். ஆவணச் சுருள்களைச் சந்தையில் எரித்தார்கள். பிறகுதான் அந்தப் பேச்சறைக்குப் போனார்கள்.

ஆனால் எரித்தவர்களே வேறோர் ஆவணத்தைக் கேட்டார்கள். மடத்தைக் கட்டிய கொத்தர்களுக்கு ஆஃபா மன்னன் சுதந்திரம் எழுதிக்கொடுத்திருக்கிறான், அந்தச் சாசனத்தின் பெரிய எழுத்துகள் ஒன்று பொன்னிறம், ஒன்று நீலம், அதை மடம் ஒளித்துவைத்திருக்கிறது என்று ஊரே நம்பியது. மடாதிபதி தாமஸ் டி லா மேர் அப்படி ஒன்று இல்லை என்றார். கடைசியில் புதிதாக ஒரு சாசனம் எழுதித் தந்தார். பார்னெட், வாட்ஃபோர்ட், ரிக்மன்ஸ்வொர்த் என்று மடத்தின் கீழிருந்த ஊர்க் குடிகளும் வந்து தங்கள் தங்கள் சாசனத்தை வாங்கிப் போனார்கள்.

அவர்கள் சந்தோஷம் ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. எழுச்சியின் தலைவன் வாட் டைலர் ஜூன் 15-இலேயே அரசரின் கண்ணெதிரில் கொல்லப்பட்டிருந்தான். ஜூலையில் அரசரும் தலைமை நீதிபதி டிரெஸிலியனும் செயின்ட் ஆல்பன்ஸுக்கு வந்தார்கள். கிரிண்ட்கோப்பைப் பிடித்து, பிறகு ஜாமீனில் விட்டார்கள். ஊராரிடம் பேசிச் சாசனங்களைத் திருப்பிக் கொடுக்க வைத்தால் உயிர் தப்பலாம் என்பது ஏற்பாடு. அவர் ஊருக்கு வந்து, தன் உயிருக்காக எதையும் கொடுக்க வேண்டாம், உறுதியாக நில்லுங்கள் என்று சொல்லிவிட்டார். ஜூலை 15-இல் அவரையும் கூட்டாளிகளையும் தூக்கிலிட்டார்கள். எழுச்சியின் பிரசங்கியான பாதிரியார் ஜான் பாலும் அதே ஊரில், அதே நாளில் கொல்லப்பட்டார்.

இரவோடிரவாக ஊரார் உடல்களை இறக்கி அடக்கம் செய்தார்கள். செய்தி அரசருக்குப் போனது. ஆகஸ்டில் உத்தரவு வந்தது: தோண்டியெடுத்துச் சங்கிலியில் மறுபடி தொங்கவிட வேண்டும், அதையும் ஊராரே தங்கள் கையால் செய்ய வேண்டும். கோடைக்காலம். புதைத்து வாரங்கள் ஆன உடல்கள். செய்தார்கள், வேறு வழியில்லை.

சாசனங்கள் ரத்தாயின. ஆனால் உழைக்க ஆள் இல்லாத குறை எந்த உத்தரவாலும் தீரவில்லை. 15-ஆம் நூற்றாண்டில் இலவச ஊழியம் கொஞ்சம் கொஞ்சமாகப் பண வாடகையாக மாறியது. பண்ணைக் கோர்ட் சுருளில் தன் நிலத்தைப் பற்றி எழுதியிருக்கும் வரிகளின் நகலைக் குடியானவன் கையில் கொடுக்கும் பழக்கம் பரவியது. நகலின் பேரில் வைத்திருக்கும் நிலம் என்பதால் அதற்குக் காப்பிஹோல்டு என்று பெயர். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அரசரின் கோர்ட்டுகள் அந்த நகலை மதித்துக் குடியானவனின் வழக்கைக் கேட்க ஆரம்பித்தன. தாத்தா எரித்த சுருளின் நகலைப் பேரன் பெட்டியில் பத்திரமாக வைத்துப் பூட்டினான். இந்த உரிமை முறை 1926 ஜனவரி 1 வரைக்கும் இங்கிலாந்தில் நடைமுறையில் இருந்தது.

எட்டாம் ஹென்றி மடங்களை ஒழித்தபோது செயின்ட் ஆல்பன்ஸ் மடமும் 1539 டிசம்பரில் மூடப்பட்டது. துறவிகளின் கட்டடங்களை இடித்தார்கள். ரிச்சர்டின் கடிகாரமும் அந்தப் பேச்சறையும் காணாமல் போயின. கோயிலும் நுழைவாயில் மாளிகையும் மட்டும் மிஞ்சின. 1553-இல் ஆறாம் எட்வர்ட் அந்த ஊருக்கு மேயரையும் நகரத்தாரையும் கொண்ட நகரமாக அரச சாசனம் கொடுத்தார். அதே வருடம் ஊரார் மடத்துக் கோயிலை 400 பவுனுக்கு விலைக்கு வாங்கித் தங்கள் பங்குக் கோயிலாக்கிக்கொண்டார்கள்.