கண் எங்கே போகும்?

பாமன்கடையில பஸ்ஸுக்கு நிக்கேக்க நாங்கள் ஒருத்தரும் பஸ் பலகையை முழுசா வாசிக்கிறதில்லை. கண் நேரே இலக்கத்துக்குத்தான் போகும். யாரும் சொல்லித் தரேல்லை, பார்த்துப் பார்த்துப் பழகினதுதான்.

இந்தப் பழக்கத்தை ஆய்வுகூடத்தில் சோதித்தவர்கள் மார்வின் சன், யூஹோங் ஜியாங் என்ற இருவர். 1998இல் வெளியான அவர்களின் பரிசோதனையில், திரையில் சிதறிக்கிடக்கும் 'எல்' எழுத்துகளுக்கு நடுவே ஒரு 'ரி'யைத் தேடவேண்டும். சில திரைகள் அதே அமைப்பில் திரும்பத் திரும்ப வந்தன. அவற்றில் 'ரி' வேகமாக அகப்பட்டது. ஆனால் எவை திரும்ப வந்தவை என்று கேட்டால் ஆட்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. சுற்றியிருப்பதை வைத்தே, எங்களைக் கேட்காமல், எங்கே பார்க்கவேண்டும் என்று கண் படித்துவிடுகிறது.

இதை வாசிக்கேக்க எங்களுக்கு ஞாபகம் வந்தது பஸ் இல்லை, நாங்கள் பிறக்க முந்தின கொழும்பு.

1983 ஜூலை 24 இரவு பொரளையில் தொடங்கிய வன்முறை அடுத்த நாள் வெள்ளவத்தைக்கும் வந்தது. ஒரே ஒழுங்கையில் ஒரு வீடு எரிந்தது, பக்கத்து வீடு அப்படியே நின்றது. வந்தவர்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்ததாகத் தப்பியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். இங்கே கண் தானாகப் படிக்கவில்லை, படிப்பித்து அனுப்பியிருக்கிறார்கள். றோட்டில் பட்டியல் உதவாது. அங்கே தேடியவர்களின் கண் நெற்றிக்குப் போனது. பெண்கள் பொட்டை அழித்துவிட்டு வெளிக்கிட்டது அதனால்தான். தேடுகிற கண் எங்கே போகும் என்பதைத் தேடப்பட்டவர்களும் படித்திருந்தார்கள்.

பிறகு செக்பொயின்ட் காலம். ஐசியை நீட்டினால் வாசிக்கவே தேவையில்லை. தெற்கில் எடுத்த அட்டையில் சிங்களம் மட்டும், வடக்கு கிழக்கில் எடுத்ததில் தமிழும் இருக்கும். எழுத்தின் வடிவமே காட்டிக்கொடுத்துவிடும். (எல்லாருக்கும் இரண்டு மொழியிலும் அட்டை வரத் தொடங்கியது 2014இல்.) அதுக்கு மேல சந்தேகம் எண்டால் பிறந்த இடம்.

2007 ஜூன் 7 விடியப்புறம் பொலிசுக்குக் கொழும்பு முழுக்கத் தேட வேண்டியிருக்கவில்லை. வடக்கு கிழக்கிலிருந்து பாஸ்போட்டுக்கும் வீசாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வருகிற சனம் எங்கே தங்கும் என்பது தெரிந்த விஷயம். வெள்ளவத்தை, புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை லொட்ஜுகள். 376 பேரை பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். கொழும்பில் நிற்க இவர்களுக்குத் தகுந்த காரணம் இல்லையாம். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட, மறுநாளே உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்கவும் பிறகு வருத்தம் தெரிவித்தார்.

எழுத்தின் இடத்தை மாற்றினாலும் கண் பழைய இடத்துப் பக்கமே இழுபடும் என்று பின்னால் வந்த பரிசோதனைகள் காட்டின. செக்பொயின்ட்டுகளை எடுத்து எத்தினையோ வருசம். எங்கட அம்மா ஆக்கள் டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தையால பாமன்கடைக்கு நடந்து வரேக்க ஒரு பொலிஸ்காரரைக் கண்டால், இண்டைக்கும் கை முதல்ல ஹாண்ட்பாக்குக்குத்தான் போகுது, ஐசி இருக்கா எண்டு பாக்க.